கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால்

என் கையெழுத்தைப் பற்றி நானே பெருமை பேசக் கூடாது. ஆனால் வேறு யாரும் பேச மாட்டேன் என்கிறார்களே, நான் என்ன செய்வது? ராயபுரம் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். வேதபாடம் சொல்லித்தருகிற ஞானோபதேச வகுப்பில் ஆறு வருஷமும் முதல் பரிசு எனக்குத்தான். கேள்வி பாதி வரும்போதே பதில் முழுசாக என் வாயிலிருந்து வந்துவிடும். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு நான் எதற்குப் பதில் தேடிக்கொண்டு போகவேண்டும்?

என் வீட்டுக்காரர் இன்னாசி நேர் எதிர். மற்றப் பிள்ளைகள் பத்து வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினால் இவருக்குப் பதின்மூன்றில்தான் கிடைத்தது. மனப்பாடம் ஏறவில்லை. ஏறாதவர் சும்மாவாவது இருந்தாரா? குறுக்குக் கேள்வி கேட்டுச் சாமியாரைக் கோபப்படுத்திவிட்டு மூன்று வருஷம் முழங்காலிலேயே நின்றார். எழுத்தும் சரியாக வரவில்லை. பாய்லர் வேலை மட்டும் வந்தது. காலடிப்பேட்டைக்கு அந்தண்டை ஒரு கடலை எண்ணெய் மில்லில் பதினைந்து வருஷமாக நெருப்புப் போடுகிறவர். பாய்லர் போடுகிற சத்தத்தைக் கேட்டே அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று அவருடைய தோஸ்து சௌக்கத் அலி பாய் சொல்லுவார். எனக்குத் தெரிந்து வீட்டில் அவர் வாயே திறக்க மாட்டார். நான் சொன்னால் சரி என்பார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் பேச்சை ஒரு தடவைகூடத் தட்டினதில்லை.

சுதந்திரம் வந்து மூன்றாம் வருஷம் மில் முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பொங்கலுக்குப் பிறகு சர்ட்டிபிகேட் இல்லாத ஆள் பாய்லர் முன்னால் நிற்கக் கூடாதாம். இல்லாதவன் மூட்டை தூக்கப் போகலாமாம். அக்கம்பக்கத்து முதலாளிகளும் இதையே சொன்னார்கள். இன்னாசிக்கு வலது தோள் எப்போதோ இறங்கிப் போய் அரைகுறையாகச் சேர்ந்த தோள். ஒரு குடம் தண்ணீரை அந்தப் பக்கம் தூக்க மாட்டார். மூட்டை தூக்கு என்றால் வீட்டில் குந்து என்றுதான் அர்த்தம். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

சர்ட்டிபிகேட்டுக்குப் பரீட்சை உண்டு. வாயால் சொன்னால் போதும், தமிழிலேயே சொல்லலாம். பெரம்பூரில் லியோனார்ட் மேஸ்திரி என்பவரிடம் அறுபது கேள்வியும் பதிலும் எழுதின நோட்டு ஒன்று இருந்தது. அதைப் படித்தவன் தோற்றதில்லை என்று பேச்சு. பக்கத்துச் சாயப்பட்டறையில் நெருப்புப் போடுகிற சௌக்கத் அலி பாய் கெஞ்சிக் கூத்தாடி அதை இரண்டே நாளைக்கு வாங்கி வந்தார்.

"தங்கச்சி, நீதான் எழுத்துல புலி. இத்த அப்டியே காப்பி எடுத்துக் குடுத்துடு. எங்க ஆறு பேரு பொயப்பும் ஒன் கையில கீது" என்றார்.

புலி என்று சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் பேனாவுமாக இரண்டு நாளில் எழுதி முடித்தேன். ஓர் அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. நோட்டு பெரம்பூருக்குத் திரும்பிப் போயிற்று. அன்று முதல் வேலை முடிந்து சாயங்காலம் ஆறு பேரும் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். சௌக்கத் அலி பாய், என் வீட்டுக்காரர், அக்கம்பக்கத்து மில்லிலிருந்து இன்னும் நாலு பேர்.

எனக்குத் தெரிந்த பாடமுறை ஒன்றுதான். ஞானோபதேசம் எப்படிக் கற்றேனோ அப்படியே கற்றுக்கொடுத்தேன். நான் கேள்வியை ராகம் போட்டு இழுப்பேன். அவர்கள் அதே ராகத்தில் பதிலை இழுப்பார்கள். "பாய்லர் என்பதென்ன?" என்று நான் ஆரம்பித்தால், "நீரை ஆவியாக்கி அடக்கி வைக்கும் இரும்புக் கலமாம்" என்று ஆறு தடித்த குரல்கள் எழும்பும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். சௌக்கத் அலி பாய் சின்ன வயதில் மதரஸாவில் ஓதினவர். ஒரு தடவை கேட்டால் போதும், கப்பென்று பிடித்துக்கொள்வார். என் கடைசிப் பெண்ணுக்கு நாலு வயது. ஒரு நாள் ஜெபமாலை சொல்லும்போது நடுவில், "ஆவியை மெதுவாக வெளியே விட வேண்டும்" என்று முடித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் ஜெபத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அறுபது பதிலும் தலைகீழாகத் தெரிந்த நான் ஒரு பாய்லரைக் கண்ணால் கண்டதில்லை. கல்யாணத்துக்கு வெந்நீர் போடுகிற அண்டாவைப் பெரிசாக்கி மனசில் வைத்திருந்தேன். சில சமயம் ஆசையாக இருக்கும். கேஜ் கண்ணாடி என்று தினமும் சொல்கிறோமே, அது மூக்குக் கண்ணாடி மாதிரியா, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரியா? சோறு போடும்போது இன்னாசியைக் கேட்டேன். அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, குழம்பில் விரலை நனைத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்தார்.

"இங்க கீது பாரு, இதான் குழா..."

"சரிய்யா, அப்பால சொல்லுவே. மொதல்ல பதினேழாங் கேள்விக்குப் பதில் சொல்லு" என்றேன். பதினேழு வரவில்லை. எரிச்சலில் கேஜ் கண்ணாடியை மறந்துவிட்டேன்.

முப்பத்திரண்டாவது கேள்வியில்தான் வந்தது வினை.

"கேஜ் கண்ணாடியில் தண்ணீர் அறவே தெரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும்?" என்று இழுத்தேன்.

"தாமதமின்றிப் பம்பைத் திறந்து தண்ணீர் ஏற்ற வேண்டும்" என்று ஐந்து பேர் இழுத்தார்கள். ஆறாவது குரல் வரவில்லை.

"இன்னாயா, வாயில கொழுக்கட்டையா?" என்றேன்.

இன்னாசி தலையைச் சொறிந்தார். "அப்டி செஞ்சா வெடிச்சிடும்மே."

"நோட்டுல அப்டித்தான் கீது."

"நோட்டுல கீது சரி. கண்ணாடில தண்ணி கொஞ்சம் எறங்கிச்சின்னா ஏத்தலாம். சுத்தமா காணோம்னா எங்க கீதுன்னே தெரியாது. அப்ப போயி ஏத்தினா..." அவர் சௌக்கத் அலி பாயைப் பார்த்தார். "இன்னா மாமு, நீயே சொல்லு."

பாய் கையை ஆட்டினார். "உடு மாமு. வேலைக்கு ஒரு பதிலு, பரீச்சைக்கு ஒரு பதிலு. சர்க்காருக்கு இன்னா வேணுமோ அத்த சொல்லிட்டு வந்துடலாம். பேஜாரு பண்ணாதே." மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு இன்னாசி அடுப்பில் என் மீன் குழம்புச் சட்டியை வெறுமனே வைத்து எரியவிட்டார். நான் பிள்ளைகளுக்குப் பாய் போட்டுக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. "ஃப்ளோரா, இங்க வாயேன், ஒன்னு காட்றேன்" என்று கூப்பிட்டார். போய் நின்றேன். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக் காய்ந்த சட்டியில் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி மூஞ்சியில் அடித்தது. படீரென்று சட்டி மூன்றாகப் பிளந்தது.

ஐயோ, எனக்கு வந்த கோபம்! எட்டு வருஷம் பழகின சட்டி. அந்தச் சட்டியில் வைத்தால் தண்ணீர் கூட ருசிக்கும்.

"அது மண்ணுயா! பாய்லரு இரும்பு! இது ஒடஞ்சா அது ஒடையுமா? பெரிய மேஸ்திரி எழுதினது தப்பு, எழுத்தே தெரியாத நீ சொல்றது ரைட்டா?"

"நான் தப்புன்னு சொல்லலமே..."

"வேற இன்னா சொல்றே? அறுவதுல அஞ்சு பதிலுகூட உருப்படியா வரல ஒனக்கு. வர்றதையும் கொழப்பிகினு, மத்தவங்களையும் கொழப்பிகினு! நாளைக்கு வேல பூடுச்சின்னா இந்த மூணுக்கும் நான் இன்னாத்த போடுவேன்?" கேட்டுக்கொண்டே அழுதுவிட்டேன். நான் சுலபமாக அழுகிறவள் இல்லை. "மாதா மேல சத்தியம் பண்ணு. நோட்டுல இருக்கறத இருக்கறபடி சொல்றேன்னு பண்ணு."

அவர் சட்டி ஓடுகளைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சத்தியம் பண்ணினார்.

பரீட்சை கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் முன்னால், பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நடந்தது. பாய்லர் கொட்டகையை ஒட்டி ஒரு சின்ன அறை. அங்கே தண்டபாணி என்கிற பாய்லர் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். நானும் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே போகும் வரைக்கும் ஒவ்வொருவரையும் நாலு கேள்வி கேட்டு அனுப்பினேன். முதலில் போன சௌக்கத் அலி பாய் ஐந்தே நிமிஷத்தில் வந்தார். பல்லெல்லாம் தெரிந்தது.

"ஷோக்கா சொல்லிட்டேன் தங்கச்சி. ஒரு எழுத்து பெசகல. முப்பத்திரெண்டுகூட கேட்டாரு, டக்குனு சொன்னேன்."

மற்ற நாலு பேரும் அப்படியேதான் வந்தார்கள். எல்லாரிடமும் முப்பத்திரண்டைக் கேட்டிருக்கிறார். பார்த்தாயா, நாம் அழுத்திச் சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை என்று எனக்குள் ஒரே குதூகலம். கடைசியாக இன்னாசி போனார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. அரை மணி நேரமும் ஆயிற்று. பதிலெல்லாம் மறந்துபோய் முழிக்கிறாரோ? இல்லை, குறுக்குக் கேள்வி கேட்டுவிட்டாரோ? அப்போது பியூன் வெளியே வந்தான்.

"இங்க ஃப்ளோரா யாரும்மா? ஐயா நோட்ட எடுத்துகினு வரச் சொல்றாரு."

உள்ளே இன்னாசி தலை குனிந்து நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் என்னை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இந்த நோட்டு யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"ராகம்?"

"அதுவும் நான்தான் சார்."

"அஞ்சு பேர் வந்தாங்க. அஞ்சு பேரும் ஒரே ராகத்துல, ஒரே இடத்துல மூச்சு விட்டு, பாய்லரை வெடிக்க வைக்கிறது எப்படின்னு எனக்கு ஒப்பிச்சுட்டுப் போனாங்க. ஆறாவதா உன் புருஷன் வந்தான். அவனும் அதையேதான் சொன்னான். சொல்லி முடிச்சுட்டு, 'சார், தயவு பண்ணி இதை யாரும் செய்ய வேணாம்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டான். தெரிஞ்சவன் ஏண்டா தப்பாச் சொன்னேன்னு கேட்டா, பொண்டாட்டிகிட்ட சத்தியமாம்."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நோட்டை வாங்கிப் புரட்டினார். முப்பத்தொன்றாவது கேள்வி இருந்த பக்கத்தில் நிறுத்தி என் பக்கம் திருப்பினார். "படி."

படித்தேன். முப்பத்தொன்று: கேஜ் கண்ணாடியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினால் என்ன செய்ய வேண்டும்? தாமதமின்றிப் பம்பைத் திறந்து தண்ணீர் ஏற்ற வேண்டும். முப்பத்திரண்டு: கேஜ் கண்ணாடியில் தண்ணீர் அறவே தெரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும்? தாமதமின்றிப் பம்பைத் திறந்து தண்ணீர் ஏற்ற வேண்டும்.

ஒரே பதில். எழுத்துக்கு எழுத்து ஒன்று. எழுதும்போது என் கண் ஒரு வரி மேலே போயிருக்கிறது. முந்தின பதிலையே மறுபடி எழுதிவிட்டு, உண்மையான பதிலை விட்டுவிட்டேன். அது கூடப் போகட்டும். ஒரு மாசமாக, தினமும் இரண்டு தடவை, அடுத்தடுத்து இந்த இரண்டையும் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்குத் தோன்றவில்லை. நாலு வயதுப் பெண்ணுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஐந்து பேரும் வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சௌக்கத் அலி பாய் ஒரு அடி உள்ளே வந்தார்.

"ஐயா, அந்தப் பொண்ண வையாதீங்க. அது பாய்லரயே பாத்ததில்ல. நான் பதினெட்டு வருசமா நெருப்பு முன்னாடி நிக்கறவன். அல்லா மேல ஆணையா சொல்றேன், மில்லுல ஒரு நாளும் அப்டி செய்யமாட்டேன். ஆனா நீங்க கேட்டீங்க, வாயி பாட்டுக்கு சொல்லிடுச்சி. அப்ப எம் மண்ட எங்க போச்சின்னு எனக்கே தெரியல."

"அதுதான் எனக்கும் தெரியணும்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அவசரத்துல உங்க கை சொல்றதைக் கேட்பீங்களா, வாய் சொல்றதைக் கேட்பீங்களா? நீங்க அஞ்சு பேரும் மூணு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் வேலையில வெச்சுக்கச் சொல்லி முதலாளிங்களுக்கு நான் எழுதித் தர்றேன். பாட்டு இல்லாம வாங்க."

பிறகு இன்னாசி பக்கம் திரும்பினார்.

"உனக்கு மூணு மாசம் கொடுத்து என்ன பிரயோசனம்? அவங்களாவது யோசிக்காமச் சொன்னாங்க. நீ தெரிஞ்சே சொன்னே. இன்னைக்குப் பொண்டாட்டி சொன்னா. நாளைக்கு முதலாளி வந்து நிப்பான். ஆவி குறையுது, மில் நின்னுடும், ஏத்துடா தண்ணியைம்பான். ஏத்திடுவே. உன் கையில சர்ட்டிபிகேட் கொடுத்தா அது என் தப்பு." பேனாவை மூடினார்.

"சார், தப்பு என்னுது சார்!" என்று கத்திவிட்டேன். "அந்தாளு மேல பழி போடாதீங்க. சட்டிய ஒடச்செல்லாம் காட்டிச்சி, நான்தான் கேக்கல. என் வாயிக்கு பயந்துகினு சொல்லிச்சி சார்!"

"உன் வாய்க்குப் பயந்தவன் முதலாளி வாய்க்குப் பயப்பட மாட்டானா?" அவர் எழுந்தார். ஏதோ யோசித்தவர் போல என்னைப் பார்த்தார். "சரி. வாம்மா. நீயே வந்து பார்."

பக்கத்துக் கொட்டகைக்குள் போனோம். சாமி, அதுவா பாய்லர்! அண்டாவாவது ஒன்றாவது. ஒரு ரயில் வண்டியைச் சுவரோடு வைத்துக் கட்டினது மாதிரி இருந்தது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. நெருப்புக் கதவின் இடுக்கில் வெளிச்சம் வெள்ளையாகத் தெரிந்தது. என் நெற்றிக்கு மேலே ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு முழம்கூட இல்லை, விரல் கனம்தான். அதற்குள்ளே தண்ணீர் மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இதுவா கேஜ் கண்ணாடி? இத்தனை பெரிய இரும்புக்கு உள்ளே நடப்பதை இந்த விரல் கனம் சொல்லுமா? அந்த நேரத்திலும் என்னால் அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் தன் கைக்குட்டையால் அந்தக் குழாயை மூடினார். "இன்னாசி, இதுல தண்ணி தெரியலைன்னு வெச்சுக்கோ. அம்மா, நீதான் முதலாளி. தண்ணி ஏத்தச் சொல்லு. வீட்டுல சொல்ற மாதிரி சொல்லணும். இரக்கப்பட்டு மெதுவாச் சொன்னே, இவன் தேறமாட்டான்."

நான் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டேன். "யோவ், தண்ணி ஏத்துயா!"

இன்னாசி என்னைப் பார்த்தார்.

"காது கேக்கல? ஏத்துன்றேன்ல! நோட்டுல கீது, பெரிய மேஸ்திரி எழுதினது!"

"ஏத்தக் கூடாதுமே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"மில்லு நின்னுடும்! வேல பூடும்யா! பொங்கலுக்கு அப்பால மூட்டையா தூக்குவே, அந்தத் தோள வெச்சிகினு? மூணு புள்ளைங்க கீதே, அதுங்களுக்கு நான் இன்னாத்த போடுவேன்? சொல்லுயா!"

அது நடிப்பில்லை. வாயைத் திறந்ததும் ஒரு மாசப் பயம் மொத்தமும் தானாக வந்துவிட்டது. என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சட்டி உடைந்த அன்றைக்கு எப்படி அழுதேனோ அப்படியே அழுதேன். அவரும் அதைப் பார்த்தார். போச்சு, இந்த மனுஷன் இப்போது சரி என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லாதே, சொல்லாதே என்று உள்ளுக்குள் மாதாவை வேண்டினேன், வெளியே, "ஏத்துயா!" என்று கத்தினேன்.

"அழுதாலும் மாட்டேன்!" என்று திருப்பிக் கத்தினார் அவர். "உள்ள நெருப்புக் குழா காஞ்சிபோயி செவந்து கெடக்குது. மேல தண்ணி இல்ல, அத்த காப்பாத்த ஒன்னும் இல்ல. பச்ச தண்ணி பட்டுச்சின்னா அத்தினியும் ஒரே நொடில ஆவியாவும், இந்தக் கொட்டாயி நிக்காது, நீயும் நிக்கமாட்டே. வேல போனா போவட்டும். தள்ளுமே அந்தாண்ட!"

சொன்னவர் என் தோளில் கை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளினார். நான் சுவரில் போய் மோதினேன். அதற்குள் காற்றுக் கதவை அடைத்துவிட்டு, உள்ளே எரிகிற நெருப்பை வெளியே இழுத்துப் போட மூலையில் இருந்த நீளக் கம்பியை எடுத்து நெருப்புக் கதவைத் திறக்கப் போய்விட்டார்.

"டேய் டேய், நிஜமாவே நெருப்பை இழுத்துடாதே! ஃபாக்டரி ஓடிக்கிட்டிருக்கு!" என்று இன்ஸ்பெக்டர் பாய்ந்து கம்பியைப் பிடித்தார். வாசலில் நின்ற ஐந்து பேரும் கொல்லென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். இன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. மேல் மூச்சு வாங்கக் கண்ணாடிக் குழாயில் இருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு, தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்.

சர்ட்டிபிகேட்டை அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் தண்டபாணி சார்.

திரும்பி வருகிற வழியில் இன்னாசி என் முகத்தைப் பார்க்காமலே, "பலமா பட்டுச்சாமே?" என்று கேட்டார். சுவரில் மோதின என் தோள் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவர் என் பேச்சைத் தட்டினது அன்றைக்குத்தான். எனக்கு வந்த பெருமையில் கால் தரையில் பாவவில்லை. ராயபுரம் வந்து சேரும் வரைக்கும் அந்தத் தோளையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.